பெயரைச் சொல்வோம், இடத்தைச் சொல்லமாட்டோம்

மலைநடையும் இயற்கைப் படமும் பற்றி பிலிமத்தலாவையிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

பிலிமத்தலாவையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்ந்து, ஓய்வு நாட்களில் மலையேறி, கையில் கமராவோ கைபேசியோ வைத்துக்கொண்டு பறவைக்கும் பூவுக்கும் பின்னால் அலைகிற நாங்கள், இன்று முதல் சேர்ந்து நடப்பதென்றும் பார்த்ததை ஒருவருக்கொருவர் காட்டிச் சொல்வதென்றும் முடிவு செய்திருக்கிறோம். எங்களில் பாடசாலை ஆசிரியர்கள் உண்டு. பித்தளைப் பட்டறையில் வேலை செய்பவர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் இருக்கிறோம். இதுவரை அவரவர் தனியாகப் போனோம், தனியாகப் பார்த்தோம், வீட்டுக்கு வந்ததும் படங்களை ஒரு மூலையில் போட்டு மறந்தோம். கூட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முதலில் நடை, பிறகு பெயர்.

கொழும்பு–கண்டி வீதியில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர், கடுகண்ணாவை ஏற்றம் முடிந்த களைப்பில் தேத்தண்ணீர் குடிக்கவும் பித்தளைக் குத்துவிளக்கு விலை கேட்கவும் நிற்கிற இடம். கேட்டுவிட்டுப் பேராதனைப் பக்கம் போய்விடுவார்கள். நாங்கள் இங்கேயே நிற்கிறவர்கள். எங்களுக்கு மேற்கே அலகல்லத் தொடர், அதற்கப்பால் விரித்து வைத்த வேதப் புத்தகம்போல 798 மீட்டர் உயரத்தில் பத்தலேகல, கிழக்கே ஹந்தானை. மழை ஓய்ந்த விடியலில் இன்னும் உயரே ஏறி நின்றால் தூரத்தில் நக்கிள்ஸ், மடக்கிய கைவிரல் முட்டிகளைப்போல. இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டு மலையைப் பஸ் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

இந்த மலைகளில் ஏறியவர்கள் பெரும்பாலும் பார்ப்பதற்காக ஏறவில்லை. 1594இல் கண்டியைப் பிடிக்க வந்த போர்த்துக்கேயப் படை பக்கத்திலுள்ள தந்துரேயில் அழிந்தது; அந்தச் சிப்பாய்களுக்கு இந்தக் காடு பயம் மட்டுமே. கண்டி வீதியைத் திட்டமிட்ட ஆங்கிலேய அதிகாரி டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறது. பாறையைப் பிளந்து அந்த வீதியை வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே வருடம் ஹேவாஹெட்டையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருடைய பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கன்றைக் கையில் எடுத்து மண்ணில் ஊன்றியவருக்கு என்ன பெயர்?

எங்களில் பலருடைய கொள்ளுத் தாத்தாவும் பாட்டியும் கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே இந்த மலைக்கு ஏறியவர்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் மீண்டும் நடந்தது. ஜூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் வந்து சேர்ந்தது. அந்த நடை எங்களுக்கு ஒன்றைச் சொல்லித் தந்தது. ஒரு பாதையில் இரண்டாம் முறை, நம் விருப்பத்தில் நடந்தால், அதே பாதை வேறு பாதையாகிவிடுகிறது.

ஹந்தானைத் தோட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். போன வருடம் இதை எழுதுகிற நான் அவருடைய லயத்து வாசலில் தண்ணீர் கேட்டு நின்றேன். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார். உச்சிக்கு என்றேன். கமராவில் இருந்த படத்தைக் காட்டினேன்: கீழே மகாவலி வளைந்து போவதும், பேராதனைப் பூங்காவை அந்த வளைவு அணைத்துக்கொண்டிருப்பதும். வெகு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாப்பது வருசம் இந்த மலையில கொழுந்து எடுத்தேன் தம்பி. மேல மேலன்னு ஏறச் சொன்னாங்க. ஒரு தடவகூட திரும்பி நின்னு கீழ பாருன்னு யாரும் சொன்னதில்ல. பெரட்டுக்குப் போகணும், கொழுந்து நிறுக்கணும், வந்துரணும்."

இந்தப் பிரகடனத்தின் முதல் வரி அன்றே எழுதப்பட்டுவிட்டது. திரும்பி நின்று பார்ப்பது இந்த மலையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் உரியது. வெள்ளைக்காரத் துரைக்கு அது பொழுதுபோக்காக இருந்தது, இன்று வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு விடுமுறையாக இருக்கிறது, எங்களுக்கு அது இரண்டு நூற்றாண்டு தாமதித்து வந்து சேர்கிற பங்கு.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1875இல் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியேறினார். சுற்றியிருந்த தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார்; கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. அவர் இங்கே எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை சிலதான். அவற்றில் எங்கள் சாயல் கொண்ட பெண்கள் நிற்கிறார்கள். கண்ணை எடுக்க முடியாத அழகான படங்கள். ஆனால் அந்தப் பெண்களின் பெயர் இல்லை. அதே காலத்தில் அவர் வீட்டுக்கு வந்த ஓவியர் மேரியன் நோர்த்தையும் படம் எடுத்தார். அந்தப் படத்துக்குப் பெயர் இருக்கிறது. பிறகு வந்த தபால் அட்டைகளிலும், தேயிலைப் பெட்டிகளிலும், இன்றைய விளம்பரப் பலகைகளிலும் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். அவள் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

ஆகவே எங்கள் கூட்டில் எவரும் ஒரு மனிதரைக் கேட்காமல் படம் எடுக்கமாட்டார். எடுத்தால் அவர் பெயரை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்வார். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவார். ஒரு பிரதி அச்சடித்து, திரும்பப் போய், அவர் கையில் கொடுப்பார். தபாலில் அனுப்பினால் போதாதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. போதாது என்று தீர்மானித்தோம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்த ஒவ்வொரு தடவையும் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்கும் படங்களையும், அவற்றுக்குள்ளிருக்கும் கதைகளையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

பெயர் மனிதருக்கு மட்டுமா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். கையில் ஒரு கருவியும் இல்லை. குறிஞ்சி நிலத்தில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவரை எழுப்பி, வாசலிலிருந்து தெரிகிற பத்துப் பூவுக்குப் பெயர் சொல்லச் சொன்னால் திணறுகிறோம். சிங்கள நண்பர் அவர் மொழியில் ஆறு சொல்வார், நாங்கள் தமிழில் நாலு சொல்வோம், அந்த நாலும் ஆறும் ஒன்றுதானா என்று இருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்று மூன்று பழைய கோயில்கள். முதல் இரண்டும் 1344இல் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. லங்காதிலகப் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்கு விட்ட கொடைகளை இரண்டு மொழிக்காரருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 700 வருடத்துக்கு முன்னால் ஒரே பாறையில் செய்ய முடிந்ததை, ஒரே குறிப்பேட்டில் எங்களால் செய்ய முடியும். எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு நிரல்கள். இடது பக்கம் சிங்களம், வலது பக்கம் தமிழ். ஒரு நிரல் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடுவோம். யாராவது ஒரு பாட்டியோ, வேடிக்கை பார்த்து வளர்ந்த ஒரு பையனோ நிரப்பும்வரை காத்திருப்போம். நாங்களாகப் பெயர் உண்டாக்கி எழுதமாட்டோம்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, பருவம் மாறும்போது இரவில் பறந்து கடல் தாண்டி இங்கே வரும். ஒக்டோபரில் களைத்து வந்து சேர்கிறவற்றில் சில வீட்டுச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுவதுண்டு. விடிகாலையிலும் அந்தியிலும் கூவுவதால் தமிழில் அந்தப் பெயர். சிங்களத்தில் அவிச்சியா. மயில் தன் உடுப்பைத் திருடிக்கொண்டு போய்விட்டது, அடுத்த புத்தர் வரும்போது முறையிடுவேன் என்று இந்தக் குருவி கத்துவதாக ஒரு சிங்களக் கதை. இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் குருவி முழுதாகத் தெரிகிறது: ஒரு மொழி நேரத்தைக் கவனித்திருக்கிறது, இன்னொரு மொழி குரலிலிருந்த துக்கத்தைக் கேட்டிருக்கிறது. உடவத்தகலேயில் காய்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒன்றை நானும் ஒரு நண்பரும் அரைமணி நேரம் பார்த்தோம். என் படம் மங்கிவிட்டது. கதை சொன்னவர் அவர்தான்.

இதுவரை சொல்வதைப் பற்றி. இனி சொல்லாமல் இருப்பதைப் பற்றி. எங்கள் கொள்கையில் மிகக் கடினமான பகுதி இது, நான் தவறு செய்த இடமும் இதுதான்.

நக்கிள்ஸ் மலையில் ஓர் ஓணான் உண்டு. மூக்கு நுனியில் இலை ஒட்டியதுபோல் தட்டையான கொம்பு. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. எத்தனையோ தடவை போய், பனிக்குள் காத்திருந்து, பாசி படர்ந்த ஒரு கிளையில் அதைக் கண்டேன். அது அசையவில்லை, நானும் மூச்சு விடவில்லை. அந்தப் படத்தை எடுத்த சந்தோசத்தில், பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். எந்தப் பாதை, எந்த ஓடை, எத்தனையாவது வளைவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பகிர்வது நல்லதுதானே என்று நினைத்தேன். மறுபடி போனபோது அந்த ஓடைக்கரையில் கிளைகள் வெட்டிக் கிடந்தன. யார் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, எதற்கென்றும் தெரியாது. நான் இடத்தைச் சொன்னேன் என்பது தெரியும். அன்று நாள் முழுவதும் தேடியும் ஓர் ஓணானைக்கூடக் காணவில்லை.

இலங்கையின் இந்த ஓணான்களை வளர்ப்புக்காக வாங்குகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் பிடித்து அனுப்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதனால்தான் 2019இல் ஜெனீவாவில் நடந்த, அருகிவரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில், இலை மூக்கு ஓணான் உட்பட நம் நாட்டு ஓணான்கள் சில முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றை வியாபாரத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. சட்டம் சுங்கத்தில் நிற்கிறது. காட்டில் நிற்பவர்கள் நாங்கள். அந்த ஓணானுக்கு வேலி கிடையாது, காவலாளி கிடையாது, எங்கள் வாய்தான் பூட்டு.

எனவே அரிய உயிர் எதுவானாலும், படத்தைக் காட்டுவோம், பெயரைச் சொல்வோம், அது எப்படி நின்றது, என்ன தின்றது என்று மணிக்கணக்கில் பேசுவோம். இடத்தைச் சொல்லமாட்டோம். எங்களுக்குள்கூட, சேர்ந்து நடந்தவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கும். உண்மையான ஆராய்ச்சியாளரோ வனத் திணைக்களமோ கேட்டால் கூட்டாக முடிவெடுத்துக் கொடுப்போம். கைபேசி எடுக்கிற படத்துக்குள் அந்த இடத்தின் அடையாளமும் பதிந்திருக்கலாம். அதை அழித்துவிட்டே பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே கற்றுத்தருவோம். கூட்டில் கெட்டிக்காரர் சிலர் இதை இறுக்கம் என்றார்கள். கூடு கட்டியிருக்கும் பறவை, குட்டி போட்ட மிருகம், மரத்தில் வேரூன்றிய ஓர்க்கிட் இவற்றின் பக்கத்தில் பத்துப் பேர் போய் நின்று பார்க்கட்டும், பிறகு பேசலாம் என்றேன்.

தேவாங்கின் கண்ணில் பிளாஷ் அடிக்கமாட்டோம். பறவையின் குரலைக் கைபேசியில் போட்டு அதை ஏமாற்றி வரவழைக்கமாட்டோம். படத்துக்காகக் கிளையை ஒடிக்கமாட்டோம், தவளையை எடுத்து இலையில் வைக்கமாட்டோம். இதையெல்லாம் செய்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் திரையில் அதற்கு இடமில்லை.

திரை என்றா சொன்னேன்? ஒரு வெள்ளை வேட்டி. மாதம் ஒரு தடவை, நடை முடிந்த அடுத்த வாரம், யார் வீட்டு முற்றமோ, தோட்டத்துக் கோயில் வளவோ, அங்கே வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவோம். முதல் வரிசை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. பிறகு படங்களை அச்சடித்து, கயிற்றில் உடுப்புக் கவ்வி மாட்டித் தொங்கவிடுவோம். பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் இல்லை. போட்டி வந்தவுடன் பாதையில் முந்துவதும், பார்த்ததை ஒளிப்பதும், ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் குறுக்கே நிற்பதும் வந்துவிடும். எல்லாம் கண்டிருக்கிறோம்.

கருவி பற்றியும் ஒரு வார்த்தை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நல்ல கமராவும் லென்சும் எங்களில் பலருக்கு எட்டாத விலை. அதனால் வராமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிவோம். தமிழகத்தின் மா. கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். பல கமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கருவியைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்தார், கறுப்பு வெள்ளையில் எடுத்தார், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். 1950இல் தொடங்கிய பத்திரிகைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை விடவில்லை. அவருடைய யானைப் படங்களைப் பார்க்கிறவருக்கு லென்சின் விலை நினைவுக்கு வராது. யானைக்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் பொறுமையாக நின்றிருப்பார் என்பதுதான் நினைவுக்கு வரும். எங்கள் கூட்டில் ஒரு கமரா உள்ளவர் ஒரு நடைக்குள் ஒரு மணி நேரமாவது அதை இல்லாதவர் கழுத்தில் மாட்ட வேண்டும். கைபேசி போதும். கைபேசியும் இல்லாதவர் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அந்த வேலைக்குத்தான் ஆள் குறைவு.

நடக்கும் முறை எளிது. கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவர் எவரோ அவர் முன்னால். பெண்பிள்ளைகள் வருகிற நடையில் மூத்த பெண்கள் இருவராவது வருவார்கள். பிள்ளையை அனுப்பும் தாய்க்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். கொண்டுபோன குப்பையும் வழியில் கண்ட குப்பையும் எங்கள் பையில் இறங்கும். மானாப்புல் காய்ந்திருக்கும் மாதங்களில் நெருப்பு மூட்டுவதோ புகைப்பதோ இல்லை. ஒரு பீடித் துண்டு ஒரு மலைச்சரிவைத் தின்றுவிடும். விலங்குக்குப் போட்ட கம்பிச் சுருக்கைக் கண்டால் அன்றைய நடை அங்கேயே நிற்கும், அதிகாரிகளுக்கு அறிவித்த பிறகே தொடரும். 2020 மே மாதம் மலையகத் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்தது. அத்தனை அரிய உயிரை நம்மில் பலர் முதல்முறை பார்த்தது அது சுருக்கில் கிடந்த படத்தில்தான். அப்படியொரு படத்தை எடுக்க எங்களுக்கு விருப்பமில்லை.

மழையோடு விளையாடமாட்டோம். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி வந்து கிராமங்களை மூடியது; அந்தப் பக்கம் பத்தலேகலவுக்கு ஏறுகிறவர் எவரும் அதை நினைக்காமல் ஏறக்கூடாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினாலே மண்சரிவு எச்சரிக்கையின் முதல் கட்டம் தொடங்குகிறது. அன்று நடை இல்லை. வானம் தெளிந்தாலும் இல்லை.

சந்தா இல்லை. தலைவர் இல்லை, குறிப்பேட்டை வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை மாறும்.

முதல் நடை அலகல்லவுக்கு என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். இஹல கோட்டே ஸ்டேசனில் கோச்சியை விட்டு இறங்கி ஏறலாம், காட்சி பெரிது, படம் நிறையக் கிடைக்கும். பிறகு ஹந்தானைக்கு மாற்றினோம். அந்தப் பாட்டிக்கு நான் கொடுக்க வேண்டிய படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. விசயத்தைச் சொன்னபோது, நானும் வாறேன் என்றார். முழங்கால் வலி இருக்கிறது, உச்சிவரை முடியாமல் போகலாம். வலது பக்க நிரலில் நிரப்ப வேண்டிய செடிகள் பல இருக்கின்றன, அவருக்குத் தெரியும். தைலத்துக்கு ஆகிற செடி எது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற இலை எது என்று வாசலிலிருந்தே கையை நீட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு பிலிமத்தலாவைச் சந்தியில் கூடுவோம். அட்டைக்கு ஒரு துண்டு சவர்க்காரமும் கொஞ்சம் உப்பும், தண்ணீரும் ரொட்டியும் அவரவர் கொண்டுவர வேண்டும். பாட்டி எந்தக் கல்லில் உட்கார்ந்து கீழே பார்க்கிறாரோ, அன்று அதற்கு மேல் யாரும் ஏறுவதில்லை.